கணனிப் பக்கம்: படத்துக்குள் இருக்கும் கணக்கு



"கணனி வரைகலை படிக்கப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் எங்கள் வீடுகளில் இரண்டு பதில்கள் வரும். "படம் கீறிச் சீவிக்கலாமோ?" என்பது ஒன்று. "மௌஸைப் பிடித்து இழுக்கிற வேலைதானே?" என்பது மற்றது. இரண்டும் சரியல்ல. பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தின் அத்திவாரம் கணிதம்.

கணனித் திரை என்பது புள்ளிகளின் கூட்டம். இன்று பல வீடுகளில் உள்ள திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. மொத்தம் 20 இலட்சத்துக்கும் மேல். ஒரு சாய்கோடு கீற எந்தெந்தப் புள்ளிகளை ஒளிரச் செய்வது? ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த பிரெசன்ஹாம் 1962 இல் கண்ட வழியில், முழு எண்களைக் கூட்டிக் கழித்தாலே போதும். இன்றும் அது ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

அடுத்தது உருவத்தைத் திருப்புவது. (3, 1) என்ற புள்ளியை மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக 90 பாகை திருப்பினால் (-1, 3) இல் வந்து நிற்கும். ஒரு முகத்தில் இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகள். அத்தனையையும் ஒரே விதியால் திருப்ப உதவுவது மேட்ரிக்ஸ். அது வேறொன்றுமல்ல, ஊரில் உயர்தர வகுப்பில் படித்த தாயம்தான். வெக்டர் என்பது காவி.

பிறகு வெளிச்சம். தை மாதத்தில் மொன்றியலில் வெயில் பளீரென்று எறித்தாலும் சுடுவதில்லை. யாழ்ப்பாணத்து உச்சி வெயில் சுடுகிறது. ஒளி சாய்ந்து விழும்போது கூடிய பரப்பில் பரவி, கோணத்தின் கோசைனுக்கு ஏற்பக் குறைகிறது. திரையில் ஒரு கன்னம் வெளிச்சமாகவும் மற்றது மங்கலாகவும் தெரிவதும் இதே கணக்கால்தான். பளபளப்பைக் காட்டும் முறையை 1973 இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்து ஆய்வேட்டில் தந்தவர் புய் துவோங் போங். ஹனோயில் பிறந்து, வியட்நாம் இரண்டாகப் பிரிந்த 1954 இல் குடும்பத்துடன் சைகோனுக்குப் போனவர். 1975 இல் இளவயதிலேயே காலமானார். அந்த முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

எங்கள் நகரத்துக்கும் இத்துறையில் பங்குண்டு. கோட்-டே-நெய்ஜ் பகுதியை அடுத்த மலைச்சரிவில் உள்ள மொன்றியல் பல்கலைக்கழகத்தில், டானியல் லாங்லுவா உட்பட நால்வர் 'டொனி டு பெல்ட்ரி' என்ற குறும்படத்தை 1985 இல் வெளியிட்டார்கள். முகபாவத்தால் உணர்ச்சியைக் காட்டிய முதற் கணனி மனித உருக்களில் ஒன்று அதில் வரும் பியானோக் கலைஞன். அடுத்த ஆண்டு லாங்லுவா இங்கேயே சொவ்ற்இமேஜ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1993 இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர்களை அசைக்க அதன் மென்பொருள் பயன்பட்டது.

1994 இல் மைக்ரோசொவ்ற் அதை வாங்கியது. பின்னர் வேறு கைகளுக்கு மாறி, 2008 இல் ஓட்டோடெஸ்க் வசமானது. 2014 இல் கடைசிப் பதிப்பு வந்தது, அத்துடன் முடிந்தது. அதன் பொத்தான்களை மட்டும் பழகியவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தாயமும் கோசைனும் தெரிந்தவர்களுக்குப் புதிய மென்பொருளிலும் அதே கணக்குத்தான்.

ஆகவே பெற்றோர் கவனிக்க வேண்டிய காலம் பல்கலைக்கழகம் அல்ல, செக்கண்டரி 3. அந்த ஆண்டு முடிவில் பிள்ளை கணிதத்தில் மூன்று வழிகளில் ஒன்றைத் தெரிகிறது. கலாசார, சமூக, தொழில்நுட்ப வழி என்பதை எடுத்தால் சீஜெப்பில் விஞ்ஞானப் பிரிவுக்கு நேரே போக முடியாது. கணனி விஞ்ஞானப் பட்டத்துக்குப் பொதுவாகச் சீஜெப் மட்டத்தில் நுண்கணிதமும் நேரியல் அட்சரகணிதமும் கேட்பார்கள். படிவத்தில் கையெழுத்து வைக்குமுன் பாடசாலையின் வழிகாட்டி ஆலோசகரிடம் விசாரியுங்கள்.

பிள்ளையின் பிரெஞ்சுப் பாடத்தில் உதவ முடியவில்லையே என்று பலர் மனம் நோகிறீர்கள். கணக்குக் கொப்பியை விரித்துப் பாருங்கள். ஊரில் படித்த கணக்கு இங்கும் செல்லும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.