வயலுக்கு விலை உயர்ந்த டார்ச் லைட் தேவையா?

''இரவில் மோட்டார் போட வயலுக்குப் போகும்போது பாம்பு பயம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் டார்ச் லைட் வாங்கினால் பலன் உண்டா?''

- வாசகர், திருவண்ணாமலை.

''தேவையில்லை. அதற்காகத் தரமில்லாத மலிவு லைட்டும் வேண்டாம். டார்ச் சேகரிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள், வெளிச்சம் எத்தனை மீட்டர் பாய்கிறது என்று பார்க்கிறார்கள். வரப்பில் நடப்பவருக்கு வேண்டியது, காலடியிலிருந்து பத்தடி வரை பரவலான வெளிச்சம். கட்டுவிரியன், கண்ணாடிவிரியன் இரண்டுமே இரவில் நடமாடுபவை. கையில் மண்வெட்டி இருக்கும் என்பதால், தலையில் மாட்டும் லைட் வசதியானது.

பெட்டியில் போட்டிருக்கும் பெரிய 'லூமென்' கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல டார்ச்களில் சில நிமிடங்களில் சூடேறி, வெளிச்சம் தானாகக் குறைந்துவிடும். '18650' வகை லித்தியம் பேட்டரி, நல்ல தயாரிப்பிலேயே சுமார் 3,500 எம்.ஏ.ஹெச்தான். '9,900' என்று அச்சிட்டிருந்தால் அது பொய்க்கணக்கு. 'ஐ.பி 67' குறியீடு இருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடங்கள் கிடந்தாலும் தாங்கும்.

மிச்சமாகும் பணத்தில் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் வாங்கலாம். அதையும் மீறிப் பாம்பு கடித்தால், இறுக்கிக் கட்டுவது, கீறுவது கூடாது. உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.''