நடைபாதை யாருக்கு?

‘நடைபாதை நடப்பவர்களுக்கே, கடைகளை அகற்றினால்தான் பாங்காக் உருப்படும்’ என்கிறார் ஒரு கட்டுரையாளர். நடப்பவர்கள் யார் என்று அவர் யோசிக்கவே இல்லை.

அந்த நகரத்தின் வாடகை அறைகள் பலவற்றில் அடுப்படி கிடையாது. வேலை முடிந்து வருபவருக்குத் தெருமுனைத் தள்ளுவண்டிதான் சமையலறை. ‘மிளகாய் எத்தனை?’ என்று கேட்டு, உரலில் பூண்டோடு இடித்து, பப்பாளிக்காய்த் துருவலைச் சேர்த்து, பையில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றித் தருகிறார் சோம் தம் எனும் பப்பாளிக்காய் சாலட் விற்கும் பெண். வாங்குபவரும் பாதசாரிதானே?

கடைகளை அகற்றிப் பார்க்காமலும் இல்லை. 2014 ராணுவப் புரட்சிக்குப் பின் வரிசையாக அகற்றினார்கள். 2016இல் பாக் க்ளோங் தலாட் பூச்சந்தையின் நடைபாதைக் கடைகளும் போயின. 2017இல் கண்டனம் வலுத்ததும், சுற்றுலாப் பயணிகள் குவியும் யாவ்ராட்டிலும் காவ்சானிலும் தெருவுணவு தொடரலாம் என்றார்கள். சுற்றுலாப் பயணியின் தட்டு தப்பியது. தொழிலாளியின் தட்டு பறிபோனது.

சக்கர நாற்காலிக்கு வழி வேண்டும் என்பது நியாயம். அதற்குக் கோடு போடுங்கள், அகலம் வகுங்கள், கழிவுநீருக்கு வழி செய்யுங்கள். ஒழுங்குபடுத்துவது நிர்வாகம், துரத்துவது நிர்வாகமே அல்ல.