குண்டு துளைக்காத பனியன்

திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓட்டும் நண்பர் கேட்டார்: ''ஏனுங்க, உலகத்துக்கே பனியன் போடறோம். குண்டு துளைக்காத பனியன் ஒண்ணு போட முடியாதுங்களா?''

நியாயமான கேள்வி. நூல் இருக்கவே இருக்கிறது, கெவ்லார். 1965-ல் டுபாண்ட் கம்பெனியில் ஸ்டெபனி க்வோலெக் என்ற பெண்மணி கண்டுபிடித்தது. எடைக்கு எடை, எஃகைவிட ஐந்து மடங்கு உறுதி. தகராறு நூலில் இல்லை ஸார், பின்னலில்.

பனியனை இழுத்துப் பாருங்கள் (ஆபீஸில் வேண்டாம்). நீளும். உள்ளே நூல் வளையம் வளையமாக இருக்கிறது. வளையம் நிமிர்ந்த பிறகுதான் நூலுக்குப் பாரமே தெரியும். ஏ.கே.47 குண்டு வினாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் வரும், நிமிரும்வரை காத்திருக்காது. நேரான கெவ்லார் இழையில் அதிர்ச்சி வினாடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, அடியைப் பங்கு போட்டுவிடும். அதனால்தான் நெய்கிறார்கள், அல்லது இழைகளை நேராகப் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பிசினால் ஒட்டுகிறார்கள்.

அதுவும் கைத்துப்பாக்கிக்குத்தான் தாங்கும். ரைஃபிள் என்றால் முன்னால் பீங்கான் தகடு வேண்டும். 2024 செப்டம்பரில் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் அறிவித்த 'அபேத்' ஜாக்கெட்டில் போரான் கார்பைடு தகடு. லேசான வகையே 8.2 கிலோ. எட்டு மாதக் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மே மாத ராஜஸ்தானில் ஓடிப் பாருங்கள். ஜவானுக்கு அதுதான் டியூட்டி.

எடையைக் குறைக்கத்தான் நானோ சமாச்சாரம். கார்பன் நானோகுழாய் பேப்பரில் பிரமாதம். பிசினில் கலந்தால் அவசர உப்புமா மாதிரி கட்டி தட்டுகிறது. கட்டி இருக்கிற இடத்தில் விரிசல் ஆரம்பம். எனக்குப் பிடித்தது வேறு. டெலவேர் பல்கலைக்கழகத்தின் நார்மன் வாக்னரும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும், பொடியிலும் பொடியான சிலிக்காவை ஒரு திரவத்தில் கலந்து, கெவ்லாரை அதில் ஊறவைத்தார்கள். மெதுவாக அசைத்தால் கூழ், வேகமாக அடித்தால் கல்! கார்ன்ஃப்ளாரைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து நீங்களே குத்திப் பார்க்கலாம், அம்மா பார்க்காத நேரமாக.

அப்போ பின்னலுக்கு வேலையே இல்லையா? உண்டு. கண்ணாடி, தகரம் தூக்குகிறவர்கள் போடும் வெட்டுப்படாத கையுறை பின்னல்தான். கட்டிங் மெஷினில் போட்டுக்கொள்ளும் இரும்புக் கையுறைகூட வளையம் வளையமாகக் கோத்ததே. ''கை ஓட மாட்டேங்குதுங்க'' என்று அதையும் சிலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.