விமானம் ஏறுமுன் பணம்: செகந்திராபாத் பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

தெலங்கானா அரசுக்கும் கல்விக் கடன் தரும் வங்கிகளுக்கும் பத்மாராவ் நகர், மாரேட்பள்ளிப் பக்கத்துப் பெற்றோர் எழுதுவது.

1895இல் ஹைதராபாத்தின் பதினாறு வயது சரோஜினி, பின்னாளின் சரோஜினி நாயுடு, இங்கிலாந்துக்குப் படிக்கப் போனது நிஜாமின் உதவித்தொகையில். பிள்ளைகளைக் கடல் கடந்து படிக்க வைப்பது இந்த ஊருக்குப் பழகிய காரியம். அதனால் தொகையைப் பேசுமுன் அது கைக்கு வரும் தேதியைப் பேசுகிறோம்.

மாநில அரசின் அம்பேத்கர், ஜோதிபா புலே பெயரிலான திட்டங்களிலும் சிறுபான்மையினர் திட்டத்திலும் 20 லட்ச ரூபாய் உதவி உண்டு. நல்ல திட்டங்கள்தான். ஆனால் பிள்ளை அங்கே போய் இறங்கியதற்கான குடிநுழைவுச் சான்றைக் காட்டினால்தான் முதல் 10 லட்சம். முதல் செமஸ்டர் மதிப்பெண்ணைக் காட்டினால்தான் அடுத்த 10. வீசாக் கட்டணம், டிக்கெட், முதல் ஃபீஸ், அறை முன்பணம் எல்லாம் அதற்கு முன்பே கேட்கிறார்களே! அம்மாவின் நாலு பவுன் சங்கிலி சேட்டுக் கடைக்குப் போகிறது. வட்டி அன்றே ஓட ஆரம்பிக்கிறது. வீசாவுக்குச் சில்கூர் பாலாஜியைப் பதினோரு சுற்றுச் சுற்றி வேண்டிக்கொள்ளலாம். ஃபீஸுக்கு எந்தச் சாமியைச் சுற்றுவது? தேர்வுக் கடிதத்தோடு முதல் தவணையைப் பல்கலைக்கழகக் கணக்குக்கே நேராக அனுப்புங்கள்.

தொகையை டாலரோடு சேர்த்துக் கட்டுங்கள். டாலர் 65 ரூபாயாக இருந்தபோது 20 லட்சம் என்பது 30,769 டாலர். 90 ரூபாய்க்கு அது 22,222 டாலர்தான். வருமான வரம்பும் அப்படியே: ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு 8 லட்சம், இங்கே 5 லட்சம். 8 ஆக்குங்கள்.

வங்கிகளுக்கு: 40 லட்சக் கடன், 11 சதவீத வட்டி. முழுத்தொகையும் எடுத்தபின் மாதம் 36,667 ரூபாய் வட்டி ஏறுகிறது. படிப்பு முடியும்வரை கட்ட வேண்டாம் என்று சொல்வதை எல்லாரும் வட்டியே கிடையாது என்று புரிந்துகொள்கிறோம். படிப்பு முடியும் நாளில் நிற்கும் மொத்தப் பாக்கியை ஒரே தாளில், தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் எழுதிக் கொடுத்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். சிறுபான்மை மாணவருக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' 2022-23இல் நின்றுபோனது. அந்த வட்டியை மாநில அரசு ஏற்க வேண்டும்.

அமீர்பேட்டைக் கரண்ட் கம்பங்களில் தொங்கும் வெளிநாட்டுப் படிப்புக் கன்சல்டன்சி விளம்பரங்களை அரசும் பார்த்திருக்கும். வீசாவுக்காக வங்கிக் கணக்கில் காட்டுவதற்கென்று சில நாள் பணத்தை வாடகைக்கு விடும் தொழிலும் அந்த வட்டாரத்தில் நடக்கிறது. மாட்டினால் வீசா போவது பிள்ளைக்கு. கன்சல்டன்சிகளுக்கு உரிமம் கட்டாயமாக்குங்கள். எந்தக் கல்லூரியிடம் எவ்வளவு கமிஷன் என்பதை அவர்கள் ரசீதிலேயே எழுதட்டும்.

மே மாதத்துக்குள் அரசாணை வேண்டும். ஆகஸ்டில் பிள்ளைகள் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டுக்கொண்டிருப்பார்கள்.