மோடத்தில் சிவப்பு விளக்கு

பெங்களூரில் கோடைமழை பெய்து ஓய்ந்த மாலையில் பல இல்லங்களில் இணையமும் ஓய்ந்துவிடுகிறது. காரணம் நாம் அறிந்ததே. இந்நகரத் தெருக்களில் ஃபைபர் கம்பிகள் மரக்கிளைகளிலும் மின்கம்பங்களிலும் தொங்குகின்றன; கிளை முறிந்தால் கம்பியும் அறுகிறது. ஊரிலிருக்கும் பெற்றோரை முகம் பார்த்துப் பேசுவதும், பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பமும், வீட்டிலிருந்து பணி புரிவோரின் ஊதியமும் அந்தக் கம்பியை நம்பியிருப்பதால், நமக்குக் கைகால் ஓடுவதில்லை. அந்தப் பதற்றத்தில்தான் சிலர் மோடத்தின் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்திவிடுகின்றனர். அது ரீசெட் பொத்தான். அதனை அழுத்தினால், நிறுவனத்தார் பதிந்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகலாம். பிறகு கம்பி சரியானாலும் இணையம் வாராது. மோடத்தை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போடுவது வேறு, அதனால் தீங்கில்லை.

ரயில்வேயில் தந்தி இருந்த காலத்தில் அதன் கம்பி பழுதுற்றால் வழி நெடுகத் தேடிச் சென்றதில்லை. எந்த இரு நிலையங்களுக்கிடையே பழுது என்பதையே முதலில் சோதித்தறிந்தனர். நம் இல்லத்திலும் அவ்வாறே செய்யலாம். கைபேசி, மோடம், நிறுவனம் என நிலையங்கள் மூன்றே.

கைபேசியில் வைஃபை குறி தெரிவதால் இணையம் இருப்பதாகக் கொள்ளலாகாது. கைபேசிக்கும் மோடத்துக்கும் இடையே தொடர்புண்டு என்பதை மட்டுமே அக்குறி காட்டும். வீட்டிலுள்ள மற்றொரு கைபேசியில் இணையம் வருமாயின், பழுது முதற் கைபேசியில்தான்.

எதிலும் வரவில்லையெனில் மோடத்தின் விளக்குகளை நோக்குக. பிஓஎன் என்னும் விளக்கு பச்சையாய் நிலைத்து எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வருகிறது. கட்டணக் கெடு முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். எல்ஓஎஸ் என்னும் விளக்கு சிவப்பாய் எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அப்போது சுவரிலிருந்து மோடம் வரை வரும் மெல்லிய கம்பியைப் பாருங்கள். அதனுள் இருக்கும் கண்ணாடி இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியின் கனம் சுமார் ஒன்பது மைக்ரான். தலைமயிரினும் மிக மெலிது. பீரோவின் கீழ் நசுங்கினாலும், இறுக வளைத்துக் கட்டினாலும் ஒளி கசிந்துவிடும். அறுந்த இழையை டேப் சுற்றி ஒட்ட முடியாது; அதற்குரிய கருவி கொண்டே இணைக்க வேண்டும். அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தலும் ஆகாது. அவ்வொளி கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் கண்ணுக்குக் கேடு.

நிற்க. நம் வீட்டில் யுபிஎஸ் இருந்தும் மின்தடையின்போது இணையம் நிற்பதுண்டு. உள்ளூர் கேபிள்காரர் அடுத்த தெருவில் வைத்திருக்கும் பெட்டிக்கு மின்சாரம் இல்லாதிருக்கலாம். அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் இது விளங்கிவிடும்.

புகார் செய்கையில் "நெட் இல்லை" என்று மட்டும் சொன்னால், மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்ற பதிலே கிடைக்கும். "எல்ஓஎஸ் கெம்பு லைட் பர்த்தா இதெ" என்று கன்னடத்தில் சொல்லிப் பாருங்கள். பழுது கம்பியில் என்பது மறுமுனையில் இருப்பவருக்கு உடனே புரியும். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வதும் அவசியம். ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தரவேண்டுமென்பது டிராய் 2012 இல் வகுத்த விதி. புகார் தீராவிடில், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணைக் காட்டியே எழுதலாம்.