மிகுதிக்கு ஒரு சொல் போதுமா?

எஹலியகொட சுற்றுவட்டாரத்து இறப்பர்த் தோட்டங்களிலே, வைகாசி மழை ஓயாது பொழியும் காலத்தில், மரத்தில் கட்டிய சிரட்டையில் பாலுக்குப் பதிலாக மழைநீர் நிறைந்து, பின் விளிம்பிலே ததும்பி, முடிவில் வழிந்தோடுவதைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு, மிகுதியின் படிகளை எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆங்கிலப் பாடத்திலே ‘அபவுண்ட்’, ‘டீம்’, ‘ஸ்வார்ம்’, ‘ஓவர்ஃப்ளோ’ என்னும் வினைகள் எதிர்ப்படுங்கால், அனைத்திற்கும் ‘நிறைய இருக்கிறது’ என்ற ஒரே அர்த்தத்தை மனனம் செய்விப்பது, அப்பிள்ளைகளின் அனுபவத்தையும் தாய்மொழியின் சம்பத்தையும் ஒருசேர அலட்சியம் செய்வதாகும்.

‘அபவுண்ட்’ என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்குள்ளே ‘அலை’ உறைந்திருக்கிறது. கரை கடந்து புரளும் நீரே அதன் ஆதி சித்திரம். 2003ஆம், 2017ஆம் வருஷங்களில் களு கங்கை பெருகி இரத்தினபுரியைச் சூழ்ந்ததை அறிந்த சப்ரகமுவ மக்களுக்கு இதை விளக்குதல் அரிதோ? தேனீ மொய்ப்பது ‘ஸ்வார்ம்’. பானை பொங்கி வழிவது ‘ஓவர்ஃப்ளோ’. ஓடையிலே மீன் மலிந்து துள்ளுவது ‘டீம்’.

மிகுதியை உணர்த்தும் உரிச்சொற்களாகத் தொல்காப்பியர் உறு, தவ, நனி என்னும் மூன்றைக் கூற, பவணந்தி முனிவர் நன்னூலிலே கூர், கழி, சால என்பவற்றையும் சேர்த்து ஆறாக்கினார். கண்ணீர் மல்குதலும் செல்வம் கொழித்தலும் வேறுவேறு என்றறிந்த மொழி நமது. ஆதலின், தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் அந்நிய பாஷையின் நுட்பங்களைத் தமிழின் நுட்பங்கள் வாயிலாகவே போதிக்க வேண்டும்; அப்பொழுது பிள்ளைகள் இரு மொழிகளிலும் செழிப்பர்.