கணினியைக் காப்பவர் யார்?

பூட்டைப் புகழ்ந்துவிட்டுப் பூட்டுகிறவனை மறந்துபோகும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. இரும்புப் பெட்டி வாங்கினால் ஊரறியப் பேசுவோம். சாவியைச் சாமிப் படத்திற்குப் பின்னால் வைப்போம். கணினி வந்த பின்னும் இவ்வழக்கம் மாறவில்லை என்பதை எங்கள் வட்டாரத் தலைமையாசிரியர் கூட்டமொன்றில் கண்டேன். மாணவர் விவரங்களைப் பாதுகாப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. "அதற்கென்று மென்பொருள் இருக்கிறது ஐயா, கணினி ஆசிரியர் பார்த்துக்கொள்வார்" என்றார் நண்பர் ஒருவர். அவையினர் தலையசைத்தனர். அடுத்துச் சிற்றுண்டிச்சாலைக் குத்தகை பற்றிய பேச்சு. அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அந்தத் தலையசைப்பை எதிர்த்தே இதை எழுதுகிறேன். அன்று தலையசைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜொகூரில் வாழும் நமக்கு இத்துறை தொலைவில் உள்ளதன்று. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1904இல் கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியாகத் தோன்றி, 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975இல் இன்றைய பெயரைப் பெற்று, 1985இல் ஸ்கூடாய் வளாகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் அது. கணினி வலையமைப்பும் பாதுகாப்பும் அங்கே ஒரு துறையாகக் கற்பிக்கப்படுகின்றன. நம் பெற்றோர் அவ்வழியே செல்லும்போது, "எவ்வளவு பெரிய வளாகம் பார்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர். உள்ளே அமர்ந்து பாடம் சொல்வோர் யார், அவர்கள் எதை ஆராய்கின்றனர் என்று கேட்பவர் அரியர்.

அவர்கள் ஆராய்ந்தவற்றுள் ஒன்றைச் சொல்கிறேன். அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கந்தன் நாராயணசாமி, ரபியா அகமது, சூரைனி இஸ்மாயில் ஆகிய மூவர் 2010இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். முதற்பெயரைக் கண்டதும் நம்மவர் முகம் மலரும். அதற்காக இதை நான் எடுக்கவில்லை. நம் நாட்டு மருத்துவமனை ஒன்றில் நோயாளர் பதிவுகள் அனைத்தும் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. அப்பதிவுகளுக்கு நேரக்கூடிய தீங்குகள் யாவை என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. விடை காண அவர்கள் மூன்று பிரிவினரிடம் சென்றனர். கணினிப் பிரிவினர், நோயாளர் கோப்புகளைப் பேணுவோர், ஊடுகதிர்ப் படம் எடுப்போர் ஆகியோருடன் அமர்ந்து, விரிவாகக் கேட்டு எழுதினர். 22 வகைத் தீங்குகள் தெரியவந்தன. அவற்றுள் முதலிடம் எதற்கு? கடல் கடந்து நுழையும் கணினிக் கள்வனுக்கு அன்று, மின்தடைக்கு! அதற்கு அடுத்து நின்றவை மனிதரின் பிழையும் தவறுதலும்.

இந்த விடையை வெறும் இயந்திர அறிவு தந்திருக்குமா? கோப்பறை எழுத்தரின் சொல்லுக்குக் காதுகொடுத்தவர்களால்தான் இது கிட்டியது. எவன் எங்கே தடுமாறுகிறான் என்று பொறுமையாகக் கண்டறிவதே இத்துறையின் அடிப்படை. வகுப்பறையில் நாளும் நாம் செய்ய வேண்டிய வேலையும் அதுவே. அவ்வாறிருக்க, "கணினிக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று ஆசிரியர்களே சொல்வது எப்படிப் பொருந்தும்?

இன்னொருவரையும் எண்ணிப்பாருங்கள். 1986இல் கலிபோர்னியாவின் லாரன்சு பெர்க்கிலி ஆய்வகத்தில் கிளிஃபோர்டு ஸ்டோல் என்னும் வானியலாளர் கணினிப் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 காசு உதைத்தது. நம் தோட்டத்து அலுவலகத்துப் பழைய கிராணிமார் சிலரை நான் அறிவேன். ஐந்து காசு இடித்தால் விளக்கேற்றி வைத்துக்கொண்டு பேரேட்டைப் புரட்டுவார்கள். ஸ்டோலும் அந்த இனத்தவர். 75 காசைப் பின்தொடர்ந்து மாதக்கணக்கில் விழித்திருந்து, மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து அமெரிக்க இராணுவக் கணினிகளைத் துழாவிய ஒருவனிடம் போய்ச் சேர்ந்தார். அவனைக் காட்டிக்கொடுத்தது அந்த 75 காசை அற்பம் என்று தள்ளாத மனம்.

நம் நிலை என்ன? 2017இல் நம் நாட்டில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி இணைப்புகளின் விவரங்கள் வெளியே கசிந்துவிட்ட செய்தி வந்தது. மக்கள்தொகையே அப்போது ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம்தான்! இரண்டு நாள் பேசினோம், பிறகு மறந்தோம். தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அது மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. "அப்படியானால் நமக்கேன் கவலை" என்று இதையே சாக்காகச் சொன்ன ஆசிரியரும் உண்டு. சட்டம் கேட்காவிட்டால் பெற்றோர் கேட்கமாட்டார்களா?

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் வகுப்புப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பெயர், பன்னிரண்டு இலக்க அடையாள எண், பெற்றோர் கைப்பேசி எண் எல்லாம் அதில் இருக்கும். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளையும் அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தையும் காட்டும். கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லிவிடும். உதவிநிதிப் பட்டியலில் குடும்ப வருமானமும் இருந்தது. எளிமை கருதி அவற்றைப் படம் பிடித்துப் புலனக் குழுவிலும் போட்டோம். அனுப்பச் சொன்னவன் நான்.

2023இல் ஒரு தாய்க்கு அழைப்பு வந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பேருந்தேறிப் பாலம் கடந்து, சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் உழைப்பவர் அவர். அழைத்தவன் பிள்ளையின் பெயர், வகுப்பு, அடையாள எண் அனைத்தையும் சரியாகச் சொன்னான். பிள்ளை விபத்தில் சிக்கியதாகவும் அறுவைக்கு உடனே பணம் வேண்டும் என்றும் கூறினான். 3,000 வெள்ளியை அனுப்பிவிட்டு அவர் பள்ளிக்கு அழைத்தபோது, பிள்ளை திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். இத்தகைய மோசடி நேர்ந்தவுடன் 997 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. 2022 முதல் அச்சேவை இருந்தும், ஒரு பெற்றோர் கூட்டத்திலாவது நான் அதைச் சொன்னதில்லை.

அவ்விவரங்கள் எங்கிருந்து சென்றன என்று எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. எங்கள் பட்டியலிலிருந்து செல்லவில்லை என்று அந்த அம்மையாரிடம் கூற எனக்கும் வாய் வரவில்லை. எந்த மென்பொருள் அந்தப் பலகையைக் காத்திருக்கும்?

இத்துறைக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று நான் சொன்னால், "களவு கற்பிக்கும் படிப்பல்லவா அது?" என்கிறார் ஒரு தந்தை. இன்னொருவர், மருத்துவம் தவிர மற்றதெல்லாம் படிப்பா என்கிறார். இரண்டாமவருக்கு மேலே சொன்ன மருத்துவமனை ஆய்வே விடை. முதலாமவரின் அச்சத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 1988 நவம்பரில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் இராபர்ட் மாரிஸ் ஏவிய ஒரு நிரல், இணையத்தில் அன்றிருந்த ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. ஆயின் கதை அதோடு முடியவில்லை. அதே மாதம் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய இடர்களை எதிர்கொள்ள ஒரு குழு அமைந்தது. நம் நாட்டிலும் 1997இல் அதைப் போன்ற குழு தோன்றியது. மாரிஸும் பிற்காலத்தில் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். பூட்டைத் திறக்கும் அறிவு காவலனுக்கும் வேண்டும். அதை யாரிடமிருந்து, எந்த நெறியோடு மாணவன் பெறுகிறான் என்பதே கேள்வி. ஆகவேதான் கட்டடத்தைக் காட்டாதீர்கள், கற்பிப்போரைக் காட்டுங்கள் என்கிறேன்.

நம் சங்கங்கள் நடத்தும் கல்விக் கருத்தரங்குகளின் அழைப்பிதழ்களைப் பாருங்கள். அரசியலார் இருப்பர், பொன்னாடை இருக்கும். ஸ்கூடாயிலிருந்து இத்துறை விரிவுரையாளர் ஒருவரை அழைத்து, எங்கள் அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்துக் குறைகளைச் சொல்லுங்கள் என்று கேட்ட பள்ளி எது? மேசைக் கண்ணாடியின் கீழ்க் கடவுச்சொல்லை எழுதிவைத்திருப்பதை அவர் கண்டுவிடுவார் என்னும் நாணமா?

எங்கள் பலகையில் இப்போது பெயரும் வகுப்பும் மட்டுமே உள்ளன. அடையாள எண்களை அகற்றிய நாளில் எங்கள் எழுத்தர், "ஒரே பெயரில் இரு பிள்ளைகள் இருந்தால் எப்படிப் பிரித்தறிவது ஐயா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இருவரும் அமர்ந்து பேசி, தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொண்டோம். பத்து நிமிடம் ஆயிற்று.